'விசாரணை' என்று ஒரே சொல்: இரண்டு படங்களும் ஸ்டேஷனில் கணக்கில் வராத நேரமும்

தமிழில் போலீஸ்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுவது விசாரணை. ஸ்டேஷன் உள்ளறையில் லத்தியோடு நடப்பதும் விசாரணை. கோர்ட்டில் சாட்சி கூண்டேறி, வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்பதும் விசாரணைதான். தீர்ப்பே இல்லாமல் வருடக்கணக்கில் ஜெயிலில் கிடப்பவருக்கு விசாரணைக் கைதி என்று பெயர். 2022ஆம் ஆண்டுக்கான தேசிய குற்ற ஆவணக் காப்பக அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் இப்படிப்பட்டவர்கள். அதாவது நாலில் மூணு பேர்.

சட்டத்தில் இவை எல்லாம் தனித்தனிக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு, தாள் வேறு, மாட்டிக்கொண்டவருக்கு இருக்கும் உரிமையும் வேறு. நாம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டதால், ஒரு கட்டம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கேட்கிற பழக்கமே நமக்கு இல்லாமல் போய்விட்டது. "விசாரணைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்று ஊரில் சொன்னால், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இந்தக் குறிப்பு இரண்டு படங்களைப் பற்றியது. வெற்றிமாறனின் 'விசாரணை', த.செ. ஞானவேலின் 'ஜெய் பீம்'. போலீஸ், கோர்ட் பற்றித் தமிழ்நாட்டில் சாதாரண ஆள் இன்று வைத்திருக்கும் படிப்பில் பாதி இந்த இரண்டு படங்களிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். அதனால், அவை என்ன கற்றுக்கொடுத்தன, எதை விட்டுவிட்டன என்று சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் வக்கீல் இல்லை, பி.இ. படித்து மென்பொருள் எழுதுகிறவன். ஒரு அமைப்பு எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம், எப்படிப் போகக் கூடாது என்று கட்டம் போட்டுப் பார்ப்பது தொழில் பழக்கம். அதைத்தான் இங்கேயும் செய்கிறேன்.

2015ஆம் வருடம், நம்ம பக்கம்

நாட்றம்பள்ளியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் போனால் வாணியம்பாடி, அதைத் தாண்டி ஆம்பூர், அப்புறம் பள்ளிகொண்டா. 2015 ஜூனில் ஒரு பெண் காணாமல் போன புகாரில் ஆம்பூரைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவரைப் பள்ளிகொண்டா போலீஸ் விசாரணைக்கு அழைத்தது. ஜூன் 26ஆம் தேதி அவர் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தார். ஸ்டேஷனில் அடித்ததுதான் காரணம் என்று குடும்பத்தினர் குற்றம் சாட்டினார்கள். மறுநாள் இரவு ஆம்பூர் பற்றி எரிந்தது, நெடுஞ்சாலை நின்றது, போலீஸ்காரர்கள் பலர் காயப்பட்டார்கள். காணாமல் போன பெண் பிறகு உயிரோடு கிடைத்தார். கலவர வழக்கின் தீர்ப்பு திருப்பத்தூர் நீதிமன்றத்தில் 2025 ஆகஸ்டில்தான் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலை, சிறு பகுதியினருக்குத் தண்டனை. பத்து வருடம் வாய்தாவுக்கு நடந்தவர்களில் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் தினக்கூலிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே வருடம் ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றது. செம்மரக் கடத்தல்காரர்கள், தாக்க வந்தார்கள் என்றது போலீஸ். சிலர் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டுக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். அதே வருடம் செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் 'விசாரணை' திரையிடப்பட்டு, மனித உரிமைக்கான ஆம்னஸ்டி இத்தாலி விருதைப் பெற்றது. ஆந்திராவுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழ் இளைஞர்கள் ஸ்டேஷனில் சிக்கிக்கொள்ளும் கதை. 2016 பிப்ரவரியில் இங்கே தியேட்டருக்கு வந்தபோது, எல்லையோரத்தில் இருக்கிற எங்களுக்கு அது தூரத்துக் கதையாகப் படவில்லை.

இல்லாத ஒரு கட்டம்

ஆம்பூர் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இளைஞர் கைது செய்யப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டவர் அல்ல. 'விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்'. சட்டத்தில் இப்படி ஒரு நிலை இருக்கிறதா?

அன்று இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்திலும், போலீஸ் ஒருவரை வரவழைக்க வழிகள் குறைவு. முதலாவது, சாட்சியாக. அதற்கு எழுத்தில் ஆணை வேண்டும் (பழைய 160, புதிய 179). பெண்கள், 15 வயதுக்குக் கீழானவர்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுள்ளவர்கள் ஆகியோரை அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். இரண்டாவது, சந்தேகத்துக்கு உள்ளானவர், ஆனால் கைது அவசியமில்லை என்கிற நிலை. அதற்கு நோட்டீஸ் (பழைய 41ஏ, புதிய 35(3)). ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்யாமல் இதைப் பயன்படுத்தச் சொல்லி 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாக உத்தரவிட்டது. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் வந்த உத்தரவும் இருக்கிறது. மூன்றாவது, கைது. அந்த நிமிடத்திலிருந்து 24 மணி நேரக் கடிகாரம் ஓடும்.

மூன்றுக்கும் ஒரு தாள் உண்டு. தாளே இல்லாமல், "சும்மா வந்துட்டுப் போ, விசாரிக்கணும்" என்று கூப்பிட்டு, செல்போனை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார வைக்கும் நாலாவது நிலை சட்டத்தில் கிடையாது. நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அதில் இருப்பவருக்குக் கடிகாரம் ஓடாது, ஜி.டி.யில் பெயர் ஏறாது, வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டிய கட்டாயம் வராது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணோம் என்ற புகாரில் கொண்டுபோகப்பட்டு இறந்த கோயில் காவலாளியும் இந்த நாலாவது நிலையில் இருந்தவர்தான்.

1986இல் மேற்கு வங்கத்திலிருந்து டி.கே. பாசு என்பவர் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம் வழக்காகி, 1996 டிசம்பரில் தீர்ப்பானது. கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பு எழுதி ஒரு சாட்சியிடம் கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், உடம்பில் உள்ள காயங்களைப் பதிய வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை, விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க அனுமதி என்று 11 விதிகள். அவை பின்பு சட்டப் பிரிவுகளாகவே ஆயின. நல்ல விதிகள்தான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை 'கைது' என்ற சொல் எழுதப்பட்ட பிறகே கண் விழிக்கின்றன. அந்தச் சொல்லை எழுதாமல் தள்ளிப்போடுவதுதான் தப்பிக்கும் வழி.

'விசாரணை' சரியாகப் பிடித்தது

கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் 1983இல் குண்டூரில் தான் பட்டதை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து எடுத்த படம் இது. முதல் பாதி முழுக்க அந்த நாலாவது நிலைதான். பூங்காவில் தூங்குகிறவர்களைக் கொண்டுபோகிறார்கள். எதற்கு என்று சொல்வதில்லை. அரசியல் சட்டத்தின் 22(1) கைதுக் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. படத்தில் வரும் இளைஞர்களுக்குக் காரணம் தெரியாததுதான் அடியைவிடப் பெரிய வதையாக இருக்கிறது. வெற்றிமாறன் இதைப் பின்னணி இசையோ வசனமோ போட்டு விளக்காமல் விட்டது படத்தின் பலம்.

எதற்காக அடிக்கிறார்கள் என்பதிலும் படம் கவனமாக இருக்கிறது. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. இது 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலேயே இருக்கிறது, புதிய சட்டத்தில் 23ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் காலத்திலேயே போலீஸ் அடித்து வாங்கும் என்று தெரிந்து எழுதி வைத்த பிரிவு. அப்புறம் ஏன் அடிக்கிறார்கள்? ஒன்று, நீதிபதி முன்னால் போய் "ஆமாம், நாங்கதான்" என்று சொல்ல வைக்க. இரண்டு, பொருளை 'எடுத்துக் கொடுக்க' வைக்க. வாக்குமூலத்தின் வழியாகப் பொருள் கிடைத்தால், அந்த அளவுக்கு வாக்குமூலம் ஏற்கப்படும் என்று அதே சட்டத்தில் 27ஆம் பிரிவு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. படத்தில் நடப்பது முதல் வகை. திருடனை நம் சினிமா போலீஸ் அடிப்பது 'உண்மையை வரவழைக்க'. இந்தப் படத்தில் போலீஸுக்கு உண்மை தேவையே இல்லை, கேஸை முடிக்க ஒரு தலையாட்டல் போதும்.

அது விட்டது

என் முதல் குறை குண்டூர் கோர்ட் காட்சியில். இளைஞர்களுக்குத் தெலுங்கு வராது, நீதிபதிக்குத் தமிழ் வராது. தற்செயலாக அங்கே வந்திருக்கும் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல், அதாவது சமுத்திரக்கனி, மொழிபெயர்க்கிறார். உண்மை வெளியே வருகிறது, விடுதலை. தியேட்டரில் மூச்சு விட்டோம்.

இந்த ஒரு நிமிடத்தில் படம் பார்வையாளரை ஒரு தப்பான இடத்துக்குக் கூட்டிப்போகிறது என்று நினைக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரிகிற மொழியில் சாட்சியத்தைச் சொல்ல வேண்டும் என்பது கோர்ட்டின் கடமை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு என்பதை முதல் தடவை ஆஜராகும்போதே நடுவர் தெரிவிக்க வேண்டும் என்று 2012இல் கசாப் வழக்கின் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். மும்பைத் தாக்குதல் குற்றவாளிக்குத் தூக்கை உறுதி செய்த அதே தீர்ப்பில். கதை நடக்கும் காலத்துக்கு இது பிந்தியது என்று சொல்லலாம். ஆனால் இலவசச் சட்ட உதவி உரிமை என்பதை 1979இலேயே ஹுஸைனாரா காத்தூன் வழக்கு சொல்லிவிட்டது. படத்தில் இது இல்லாததன் விளைவு என்னவென்றால், அமைப்பு காப்பாற்றாது, நல்ல இன்ஸ்பெக்டர் ஒருத்தர் வந்தால்தான் உண்டு என்று மனதில் பதிகிறது. இரண்டாம் பாதியில் அந்த நல்ல இன்ஸ்பெக்டரே எப்படி நசுங்குகிறார் என்று காட்டி வெற்றிமாறன் தானே அதை உடைக்கிறார், அது நேர்மை. ஆனால் உடைத்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. படம் முடியும்போது மிஞ்சுவது பயம் மட்டும்தான்.

இரண்டாவது குறை, சிறை. சந்திரகுமார் லாக்கப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் ஜெயிலில் இருந்தவர். படம் அதைத் தாண்டிக் குதித்து என்கவுன்ட்டருக்குப் போய்விடுகிறது. திரைக்கதைக்கு அது வேகம் தரும். ஆனால் லாக்கப்பில் சிக்குகிற ஆயிரம் பேரில் என்கவுன்ட்டரில் சாகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் விசாரணைக் கைதியாகக் காத்துக் கிடப்பவர்கள். 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை என்றே தெரியாதவர்கள். அவர்களைப் பற்றித் தமிழில் இன்னும் ஒரு நல்ல படம் பாக்கி இருக்கிறது.

'ஜெய் பீம்' செய்தது

2021 நவம்பரில் வந்த 'ஜெய் பீம்', 1993இல் கம்மாபுரம் போலீஸிடம் சிக்கிய ராஜாக்கண்ணுவின் வழக்கைத் தழுவியது. வக்கீலாக இருந்த கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு மனு. படம் பாதிக்கப்பட்டவர்களை இருளர்களாகக் காட்டுகிறது, நிஜத்தில் அவர்கள் குறவர்கள். அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள்.

நடைமுறைச் சட்டம் தெரிந்து எழுதிய திரைக்கதை இது. தப்பி ஓடிவிட்டார்கள் என்று ஸ்டேஷன் ஏடு சொன்னால், ஆட்கொணர்வு மனு சாதாரணமாக அங்கேயே முடிந்துவிடும். அந்த இடத்தில் கேரளத்து ராஜன் வழக்கை எடுத்துக்காட்டி, ஆட்கொணர்வு மனுவிலேயே சாட்சிகளை விசாரிக்க அனுமதி வாங்குகிறார் வக்கீல். நெருக்கடி நிலைக் காலத்தில் போலீஸ் கொண்டுபோய் திரும்பி வராத பொறியியல் கல்லூரி மாணவன் ராஜன். அவன் அப்பா ஈச்சர வாரியர் போட்ட வழக்கு அது. ஒரு தமிழ் வெகுஜனப் படம் முன்தீர்ப்பு என்றால் என்ன என்பதை விசில் அடிக்கிற காட்சியாக ஆக்கியது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது கோர்ட் காட்சிகள் அல்ல, ஆரம்பக் காட்சி. ஜெயிலிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களிடம் வாசலிலேயே சாதி கேட்கிறார்கள். சில பேரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மிச்சப் பேரை முடியாத கேஸ்களுக்கு ஆள் தேவைப்படும் ஸ்டேஷன்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நாலாவது நிலைக்கு யாரைத் தள்ளுவது என்பது தற்செயல் இல்லை என்பதை அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது. 'விசாரணை'யில் மொழி தெரியாத கூலிக்காரன், இங்கே பழங்குடி. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் கை வைக்கிறார்கள்.

வீட்டுச் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு படங்களும் உதவாத இடம் இது. ராஜாக்கண்ணுவைத் தேடிக் குடிசைகளுக்குள் போலீஸ் நுழைகிறது. சட்டப்படி சோதனைக்குக் காரணத்தை எழுத வேண்டும், அதே வட்டாரத்து இரண்டு சாட்சிகள் முன்னால் நடத்த வேண்டும், எடுத்த பொருளுக்குப் பட்டியல் போட்டு நகல் தர வேண்டும். இப்போது 105ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்து நடுவருக்கு அனுப்பவும் வேண்டும். மகஜர் என்று ஊரில் சொல்வது இதைத்தான். படத்தில் மகஜர் என்ற சொல் வராவிட்டால் பரவாயில்லை, ஆனால் அப்படி ஒன்று எழுதப்படவில்லை என்பது பின்னால் கோர்ட்டில் ஒரு ஆயுதமாகியிருக்கலாம். நாயக வக்கீல் அதைத் தொடுவதில்லை.

நாயக வக்கீல் என்பதே என் பெரிய குறை. செங்கேணியாக லிஜோமோல் ஜோஸ் எவ்வளவு உறுதியாக நின்றாலும், படத்தின் எடை சூர்யா பக்கம் சாய்கிறது. 'விசாரணை'யில் நல்ல இன்ஸ்பெக்டர், இங்கே மகா வக்கீல். உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடுகிற வக்கீல் லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் கிடைப்பார். அதுவும் ஆள் செத்த பிறகு.

இரண்டிலும் இல்லாத பத்து நிமிடம்

ஆள் உயிரோடு இருக்கும்போது சட்டம் வைத்திருக்கும் முக்கியமான தடுப்பு ரிமாண்ட். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும். நடுவர் நேரில் பார்க்க வேண்டும், அடித்தார்களா என்று கேட்க வேண்டும், தாள்களைப் படிக்க வேண்டும், தேவை இருந்தால் மட்டும் காவலுக்கு அனுப்ப வேண்டும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் ஒழுங்காக நடந்தால் சந்துருவும் வேண்டாம், முத்துவேலும் வேண்டாம்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 இரவு தந்தையும் மகனும் ஸ்டேஷனில் அடிபட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிச் சான்று வாங்கப்பட்டது, ரிமாண்ட் ஆனது, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22ஆம் தேதி இரவு மகன், 23 காலை தந்தை இறந்தார்கள். டாக்டர், நடுவர், சிறை என்று மூன்று வாசலைத் தாண்டியிருக்கிறார்கள். ஒரு வாசலிலும் யாரும் நிறுத்தவில்லை. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரின் அறிக்கையில் இன்னொரு விவரம் வந்தது. ஸ்டேஷன் சி.சி.டி.வி.யில் 1 டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள். என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். இடம் போதாமல் அழிவது வேறு, இடம் இருந்தும் அழியும்படி ஒருத்தர் உட்கார்ந்து அமைத்து வைப்பது வேறு. அதே வருடம் டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்துப் பதிவுகளைச் சேமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

"சினிமா என்ன சட்டக் கையேடா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் நாலு பேரை என்கவுன்ட்டரில் கொன்றபோது போலீஸ் மேல் பூ தூவியது இதே படம் பார்க்கிற ஜனம். பிறகு சிர்புர்கர் ஆணையம், அது திட்டமிட்டுச் சுட்டது என்றும், இறந்தவர்களில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும் படத்துக்கு நாம் இன்றும் சிரிக்கும் எமோஜி போடுகிறோம். நமக்கு அமைப்பின் மேல் நம்பிக்கை இல்லை, அதனால் நல்லவன் அடித்தால் கை தட்டுகிறோம், கெட்டவன் அடித்தால் அழுகிறோம். அடிக்கவே கூடாது என்ற இடத்துக்கு இரண்டு படங்களும் நம்மைக் கொண்டுவந்தன. அடிக்க முடியாமல் எது தடுக்கும் என்ற இடத்துக்குக் கொண்டுபோகவில்லை.

அந்த இடம் சினிமாவுக்கு அலுப்பானது. தாளும் நேரமும் கையெழுத்தும்தான் அங்கே இருக்கும். வீட்டு வாசலில் "எந்த ஸ்டேஷன் சார், சாட்சியாவா, எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று ஒரு அம்மா கேட்பது. எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள் என்று பக்கத்து வீட்டுப் பையன் எழுதி வைப்பது. போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஒருத்தருக்குத் தெரிந்திருப்பது. நடுவர் "சட்டையைக் கழற்றுப்பா, முதுகைப் பார்க்கணும்" என்று சொல்வது. தாலுகா கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்கு யாரோ ஒரு போன் போடுவது.

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் 2015இல் காணாமல் போனது இந்தச் சின்ன விஷயங்கள்தான். அவற்றை வைத்து ஒருத்தர் தமிழில் படம் எடுத்தால், அதற்கு 'விசாரணை' என்று பெயர் வைக்க முடியாது. அழைப்பாணை, கைது, ரிமாண்ட், சாட்சி விசாரணை என்று நாலு பெயர் வேண்டியிருக்கும்.